பயந்தாங்கொள்ளி என்று எழுதியவன்

நான் எழுதிய கவிதைகளை முப்பது வருடமாக முதலில் படித்தவன், இளம்பிள்ளையில் சேலை வியாபாரம் செய்தான். கல்லூரியில் என் பக்கத்து இடம் அவனுடையது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். மொத்தமே ஒரு பிரதிதான். ஆளுக்கு ஒரு நாள் என்று வகுப்பு முழுக்கச் சுற்றிவிட்டுச் சாம்பார்க் கறையோடு திரும்பி வரும். கறை பட்ட பக்கத்தைத்தான் நிஜமாகவே படித்திருக்கிறார்கள் என்பான். என் பக்கங்கள் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும்.

அவன் ஒருநாளும் கவிதை எழுதியதில்லை. வெட்டுவான். சனிக்கிழமை மதியம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பேக்கரியில் உட்காருவோம். நான் தாளை நீட்டுவேன். பப்ஸ் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, சேலையில் இழை விட்டிருக்கிறதா என்று பார்க்கிற அதே கண்ணோடு பார்ப்பான். பிறகு கடைசி வரியின் மேல் ஒரு கோடு. "இது எதுக்குடா? மேலயே சொல்லிட்டயில்ல," என்பான். எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். என் ஊரான ஓமலூருக்குப் பஸ் ஏறி, கருப்பூர் தாண்டுவதற்குள் அவன் சொன்னது சரி என்று தெரிந்துவிடும். அந்தச் சனிக்கிழமைகளுக்கு மனசு இப்போதும் ஏங்குகிறது. கோபித்துக்கொள்ள ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று அப்போது தெரியவில்லை.

அப்புறம் காலம் கெட்டது. கல்லூரி நண்பர்களின் வாட்ஸப் குழுவில், காலை வணக்கத்துக்கும் பிறந்தநாள் கேக்குக்கும் நடுவே விஷம் வர ஆரம்பித்தது. தேர்த் திருவிழா சமயத்தில், இன்ன மதத்துக்காரர்கள் போடும் கடையில் யாரும் எதுவும் வாங்கக் கூடாது என்று ஒரு செய்தி சுற்றியது. கூடப் படித்தவன் ஒருவனே அதைக் குழுவில் போட்டான். எனக்கு ரத்தம் கொதித்தது. அரை மணி நேரத்தில் ஒரு கவிதை எழுதிப் பதிலுக்குப் போட்டேன். அவனிடம் காட்டாமல் நான் வெளியே விட்ட முதல் கவிதை அதுதான்.

உடனே போன் செய்தான். "அத எடுத்துருடா. எங்கூர்ல ஏற்கெனவே புகைஞ்சுக்கிட்டு இருக்குது. நீ ஓமலூர்ல உக்காந்து எழுதிப் போட்டுருவ. கடை போட்டவனில்ல அடி வாங்கோணும்?"

நான் கேட்கவில்லை. வியாபாரம் கெட்டுவிடும் என்று நடுங்குகிறான் என்றுதான் நினைத்தேன். போனை வைத்த கையோடு, குழுவில் எல்லோரும் பார்க்க, அவன் பெயரைப் போட்டுப் பக்கத்தில் 'பயந்தாங்கொள்ளி' என்று எழுதினேன். அவன் அன்றைக்கே குழுவை விட்டு விலகிவிட்டான். அதன்பிறகு இரண்டு வருடம் நாங்கள் பேசவில்லை. எத்தனையோ முறை அவன் எண்ணை எடுத்துப் பார்த்திருக்கிறேன். முதலில் அவன் பேசட்டும் என்ற வீம்பு.

போன மாதம் மாரடைப்பில் போய்விட்டான். அந்தக் குழுவில்தான் செய்தி வந்தது.

எங்கள் பக்கத்தில் துக்க வீட்டு வாசலில் பங்காளிகள் வரிசையாக நிற்பார்கள். வருகிறவர்கள் ஒவ்வொருவர் கையையும் தொட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். பேச்சே தேவையில்லை. எழுதுகிறவனுக்கு அது எங்கே பிடிபடுகிறது? வரிசையின் கடைசியில் நின்ற அவன் மகனின் கையைத் தொட்டுவிட்டு, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாக்கியம் தேடிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் என்னையும் பங்காளி என்று நினைத்துக் கையை நீட்டினார். நானும் நீட்டிவிட்டேன். அடுத்தவரும் நீட்டினார். விலகப் பார்த்தேன்.

"நில்லுங்க மாமா," என்றான் மகன்.

தறிக்காரர்கள், சாயப்பட்டறை ஆட்கள், முகம் தெரியாத யார் யாரோ வந்து தொட்டுவிட்டுப் போனார்கள். அழுகை வரவில்லை. திருடியதை வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி கூச்சமாக இருந்தது.

வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் என் கையைத் தொட்டவர், விடாமல் பிடித்துக்கொண்டார். "நீங்க அவருக்கு என்ன முறையாகோணுங்க?"

"கூடப் படிச்சவனுங்க."

"நான் தேருக்கு வளையல் கடை போடறவனுங்க. ரெண்டு வருசத்துக்கு முந்தி எங்ககிட்ட வாங்கக் கூடாதுன்னாங்க பாருங்க, அந்த மூணு நாளும் காலைல வந்தாருன்னா, ராத்திரி கடை கட்டற வரைக்கும் என் கடையிலதானுங்க உக்காந்திருந்தாரு. ஒண்ணும் பேசமாட்டாரு. பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பாரு. அவரு உக்காந்திருக்கற கடைக்கு யாருங்க வம்புக்கு வருவாங்க?"

அந்த மூன்று நாளும் நான் வீட்டில் உட்கார்ந்து, என் கவிதைக்கு யார் யார் கைதட்டல் பொம்மை போட்டார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் என் கையைப் பிடித்தபடியே அழுதார். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் காத்து நின்றார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் குழுவைத் திறந்து, மேலே தள்ளித் தள்ளி அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்தேன். அவன் பெயருக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது. அழிக்கப் பார்த்தேன். நாளாகிவிட்டதாம். என் போனிலிருந்து மட்டும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது.