வேலாயியக் கொல்லாதீங்க அக்கா

நிரஞ்சலாவப் பத்தி எழுதணும்னா மொதல்ல அவ வெரலப் பத்தித்தான் எழுதணும். பதினெட்டு வருசமாத் தேயிலக் கொழுந்து எடுத்த வெரல். சாயம் ஏறி, வெடிச்சு, ரேகையே அழிஞ்சு போன வெரல். கைரேக வச்சாத் தொறக்குற போனு ஒன்னு மகன் கொழும்புலருந்து அனுப்புனான். எத்தன தடவ வெரல வச்சாலும் அந்தப் போனு இவ யாருன்னே தெரியாதுன்னுருச்சு. அந்த வெரல வச்சித்தான் கத எழுதுறா. நாலாயிரத்துச் சொச்சம் பேரு வாசிக்கிறாங்க.

நான் இருவத்தாறு வருசம் தோட்டத் தொழிலாளர் சங்கத்துல கெடந்தவன். நோட்டீசா எழுதித் தள்ளுனவன். பதுளை பஸ் ஸ்டாண்டுல நின்னு கைக்கு ஒன்னாக் குடுப்பேன். அடுத்த தெருவுல போயி வடை வாங்குனா, அதுலயே மடிச்சு என்கிட்டத் தருவான். எழுதுனத ஒருத்தன் முழுசா வாசிக்கிறது எவ்வளவு பெரிய காரியம்னு எனக்குத் தெரியும். அதனாலதான் சொல்றேன், இவ செஞ்சது சாதாரணமில்ல.

எங்க தோட்டம் நமுனுகுல மலைக்குக் கீழ. நாங்க குடியிருக்குற வரிசை வீடு, லயம், அதுல சிக்னல் வராது. தேயில பெக்டரிக்கு மேல இருக்குற தண்ணி டாங்கிகிட்டப் போனாத்தான் ரெண்டு கோடு காட்டும். வாரம் முச்சூடும் கொஞ்சங் கொஞ்சமா எழுதி வச்சிக்குவா. ஞாயித்துக்கெழம காலையில டாங்கிக்கு ஏறி பேஸ்புக்குல போடுவா. போட்டதும் எறங்க மாட்டா. பதிலு வர்றத வாசிச்சிட்டுத்தான் எறங்குவா. அவ மாமியா இராக்கம்மா கீழருந்து கத்தும்.

"ஏண்டி, டாங்கிக்குக் காவக்காரியாவா போட்டிருக்கு ஒன்ன? சோறு யாரு வடிக்கிறது?"

"ஒங்க மகன வடிக்கச் சொல்லுங்க அத்த!"

"அவன் வடிச்சா சோறு கீழ போயிரும், கஞ்சியத்தான் திங்கணும்!"

வாசிக்கிறவங்க யாருன்னா, குவைத்துல வீட்டு வேலைக்குப் போனவ பாத்ரூமப் பூட்டிக்கிட்டு வாசிக்கிறா. கொழும்புல புடவக் கடையில நிக்கிறவன் சாப்பாட்டு நேரத்துல வாசிக்கிறான். சும்மா வாசிச்சிட்டுப் போற சாதி இல்ல. "அக்கா, போன வாரம் மூணு நாளா மழைன்னு எழுதுனீங்க, இந்த வாரம் வெறகு எப்புடிக் காஞ்சிச்சு?"ன்னு கேப்பாங்க. இவ அங்கயே நின்னு திருத்துவா. கதையில வர்ற பொம்பளைக்கு வேலாயின்னு பேரு வச்சிருந்தா. "இந்தக் காலத்துல யாரு வேலாயி? எங்க அம்மாயி பேரு மாதிரி இருக்கு"ன்னு ஒருத்தி எழுதுனா. "ஒங்க அம்மாயியும் ஒரு நாளு புள்ள பெத்தவதானே"ன்னு இவ பதிலு போட்டா. அதுக்கு மட்டும் முந்நூறு பேரு சிரிச்சாங்க.

வேலாயி நெறமாசக்காரி. லயத்துல வலி எடுத்துருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போக லொறி வேணும். அஞ்சாவது வாரம் இதப் போட்டா. அதப் பாத்ததும் எனக்கு இது யாரு கதன்னு தெரிஞ்சு போச்சு.

நிரஞ்சலாவோட அக்கா கத. பதிமூணு வருசத்துக்கு முந்தி நடந்தது.

அப்ப எங்க தோட்டத்துல ஒரு வழக்கம். நோயாளிக்குக் கொழுந்து லொறி வேணும்னா தோட்டத்து மேனேஜர் தொரைகிட்டத் துண்டு வாங்கணும். துண்டுன்னா ஒரு சின்னக் கடுதாசி, ஒரு கையெழுத்து. கேவலமாத் தெரியும். ஆனா அதுக்கு முந்தி நோயாளிக்கு லொறியே கெடையாது. பதினோரு நாளு வேலநிறுத்தம் செஞ்சு அந்தத் துண்ட வாங்குனோம். அது எங்க உரிமை. நான்தான் தோட்டத்துல சங்கத் தலைவரு. அன்னைக்கு டிரைவர் அழகரு சாவியக் கையில வச்சிக்கிட்டு, "ஏத்துங்க தலைவரே, போயிருவோம்"ன்னான். நான்தான் தடுத்தேன். "துண்டு வரட்டும்டா. இன்னைக்கி முறையில்லாம எடுத்தா நாளைக்கி வழக்கத்தையே நிப்பாட்டிருவானுக"ன்னேன். நானே அவரு பங்களாவுக்கு ஓடுனேன். தொரை பண்டாரவளைக்குப் போயிருந்தாரு. அவரு வர்ற வரைக்கும் ரெண்டு மணி நேரம் பத்து நிமிசம் நின்னேன். துண்டோட வந்து லொறிய எடுத்து, மூணாவது வளைவுல அவ அக்கா உசுரு போயிருச்சு. வயித்துல இருந்ததும் போயிருச்சு.

மறுநாளே நோட்டீஸ் அடிச்சேன். தொரைய, கம்பெனிய, ஒருத்தர விடாமத் திட்டுனேன். அழகரு கையில சாவி இருந்தத எழுதல.

நிரஞ்சலா எழுதிட்டா. ஆறாவது வாரம். டிரைவரு, சாவி, "துண்டு வரட்டும்"னு சொன்ன தலைவரு. பேரு போடல. கீழ ஒரே ஏச்சு. "அந்தத் தலைவனச் செருப்பால அடிக்கணும்"னு ஒருத்தி. "செருப்பு வீணாப் போகும், வெளக்குமாறு போதும்"னு இன்னொருத்தி. எல்லாத்தையும் வாசிச்சேன்.

அந்த ஏச்சுக்கு நடுவுல ஒரு சின்ன பதிலு கெடந்துச்சு. மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்துப் புள்ள, தனுஜான்னு பேரு. "அக்கா, எனக்கு எட்டு மாசம் முடியப் போவுது. எங்க தோட்டத்துலயும் துண்டுதான். வேலாயியக் கொல்லாதீங்க அக்கா. கொல்றதுன்னா எனக்குப் பொறந்ததுக்கு அப்புறம் கொல்லுங்க."

நிரஞ்சலா என் வாசலுக்கே வந்தா. அக்கா செத்ததுக்கு அப்புறம் அவ என் வாசல் மிதிச்சதில்ல.

"பாத்தீங்களா தலைவரே?"

"பாத்தேன்."

"என்னா செய்ய?"

"பொழைக்க வச்சிரு. கததானே."

"எங்க அக்கா பொழைக்கலயே."

"அப்ப உள்ளத எழுது."

"இந்தப் புள்ள வாசிக்குதே."

ஆயிரம் பேரு கூட்டத்துல பேசுனவன் நான். நான் பேசுறப்ப கூட்டத்துல எவளுக்கு எத்தன மாசம்னு எனக்கு ஒரு நாளும் தெரியாது. இவளுக்குத் தெரியுது.

ஏழாவது வாரம் அவ கதைய நகத்தல. அதே எடத்துல நிப்பாட்டி வச்சா. வேலாயி கட்டில்ல கெடக்குறா, டிரைவரு கையில சாவி, தலைவரு பங்களாப் பக்கம் காலத் தூக்கிட்டாரு. கீழ இப்புடி எழுதுனா: "என் அக்காவுக்கு இந்த எடத்துல என்னா செஞ்சிருக்கணும்னு எனக்கு இன்னமும் தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க."

அவ்வளவுதான். ரெண்டு நாளையில அறுநூத்துச் சொச்சம் பதிலு. லொறி ஓட்டுறவன் எழுதுறான், மருத்துவச்சி எழுதுறா, லொறியிலயே புள்ள பெத்தவ எழுதுறா. மொதல்ல ஆம்புலன்சுக்குப் போன் அடி, அது எதுவரைக்கும் வரும்னு கேளு. அந்த எடம் வரைக்கும் லொறியில கொண்டு போ. அடியில கொழுந்துச் சாக்க ரெண்டு மடிப்பாப் போடு. கூட ரெண்டு பொம்பள ஏறட்டும், ஆம்பள முன்னால குந்தட்டும். இடது பக்கமாச் சாச்சுப் படுக்க வையி. துண்ட அப்புறம் வாங்கிக்க, வழக்குன்னு வந்தா நாங்க எல்லாரும் வாறோம். கடைசியா எழுதுனவ குவைத்துலருந்து எழுதுனா. அவ எங்கருந்து வாறது! ஆனா எழுதுனா.

இத மடுல்சீமையில தனுஜா மட்டும் வாசிக்கல. கொழுந்து நிறுக்குற எடத்துல சாக்க வச்சிக்கிட்டு வரிசையில நிக்கிறப்ப ஒருத்தி சத்தமா வாசிக்க, மத்தவங்க கேட்டிருக்காங்க. போனில்லாதவளுக்கும் மனப்பாடம் ஆயிருச்சு.

அடுத்து நடந்தத தனுஜா புருசன் புவனேந்திரன் எங்களுக்குப் போனுல சொன்னான். வெள்ளிக்கெழம, காலைப் பத்து மணி. வலி எடுத்துருச்சு. ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடந்ததால ஆம்புலன்சு பாலத்துக்கு அந்தப் பக்கந்தான் நிக்க முடியும். பாலத்துக்கு ஆறு மைலு. இவன் என்னா செஞ்சான் தெரியுமா? பங்களாவுக்கு ஓடியிருக்கான். துண்டுக்கு! அத்தன பதிலையும் வாசிச்சவன். காலு பழகுன பக்கந்தான் ஓடும்.

நிறுக்குற எடத்தத் தாண்டுறப்ப பொம்பளைங்க பாத்துட்டாங்க.

"டேய் புவனேந்திரா, எங்கடா ஓடுற?"

"தொரைகிட்ட... துண்டு..."

"வேலாயிய மறந்துட்டியா நாயே! திரும்புடா!"

அங்கேயே லொறியில இருந்த கொழுந்துச் சாக்க எல்லாம் ரோட்டுல எறக்கிட்டாங்க. ரெண்டு சாக்க மட்டும் அடியில விரிச்சாங்க. டிரைவரு தயங்குனானாம். ஒரு கெழவி அவன் கையப் புடிச்சு சாவியோட சேத்து முறுக்குனாளாம். ரெண்டு பொம்பள பின்னால ஏறுனாங்க. லயத்துக்குப் போயி தனுஜாவ ஏத்தி, இடது பக்கமாச் சாச்சுப் படுக்க வச்சாங்க. பாலத்துல ஆம்புலன்சு நின்னுச்சு. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயி ஒன்னேகால் மணிக்குப் பொம்பளப் புள்ள. தாயும் நல்லா இருக்கு.

இத எந்தச் சங்கம் செஞ்சிச்சு? எந்தக் கூட்டத்துல தீர்மானம் போட்டோம்? ஒருத்தர ஒருத்தர் மூஞ்சி பாக்காதவங்க.

பத்து நாளு கழிச்சு தனுஜா எழுதுனா: "அக்கா, வீட்டுக்கு வந்துட்டோம். இப்ப எழுதுங்க. வேலாயி செத்தத எழுதுங்க. நாங்க வாசிக்கிறோம்."

அந்த ஞாயிறு நானும் டாங்கிக்கு ஏறுனேன். முழங்கால் வலிக்க வலிக்க ஏறுனேன். நிரஞ்சலா கடைசிப் பகுதியப் போட்டா. பதிலே வரல. பத்து நிமிசம், அர மணி, முக்கா மணி. வழக்கமா நூறு பதிலு வர்ற நேரத்துல ஒன்னுகூட வரல. அவ மொகம் செத்துப் போச்சு. நான் என் போனுல வாசிச்சேன். மூணாவது வளைவு அப்புடியே இருந்துச்சு. கடைசியில தலைவரு வர்றாரு. அவ எழுதியிருந்தது: "அந்தத் துண்ட யாரும் கேக்கல. அவரும் யாருகிட்டயும் குடுக்கல. அது இன்னமும் அவருகிட்டத்தான் இருக்கு."

நான் போனக் கீழ எறக்குனேன்.

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"எது தலைவரே?"

"துண்டு."

"தெரியாது. எழுதுறப்ப வந்துச்சு." என் மொகத்தப் பாத்தா. "இருக்கா?"

ஐடென்டிட்டி கார்டு ஒறைக்குள்ளருந்து எடுத்தேன். நாலா மடிச்சது. பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. அவ வாங்கல. பாத்தா. மடிப்புல மையி அழிஞ்சிருந்த எடத்தச் சாயம் புடிச்ச வெரலால தொட்டா. "தொரை அக்கா பேர சரியாத்தான் எழுதியிருக்காரு"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. நான் திருப்பி மடிச்சேன்.

அப்பதான் அவ போனுல வந்துச்சு. மடுல்சீமையிலருந்து ஒரு வீடியோ. கீழ ஒரே ஒரு வரி: "பச்சப்புள்ள இருக்குற லயத்துல சாவுத் தப்பு அடிக்கக் கூடாதுன்னு கொழுந்து நிறுக்குற எடத்துக்கு எறங்கி வந்தோம் அக்கா, அதான் சுணங்கிருச்சு." முப்பது நாப்பது பேரு. பொம்பளைங்க முந்தானையத் தலையில போட்டுக்கிட்டு நிக்கிறாங்க. ரெண்டு பேரு தப்பு மேளம் அடிக்கிறாங்க. சாவுக்கு அடிக்கிற அடி.

நிரஞ்சலா சத்தத்தக் கூட்டி, கீழ கேக்குற மாதிரி போனத் தூக்கிப் புடிச்சா. கீழ லயத்துல இராக்கம்மா வாசலுக்கு வந்துச்சு.

"யாருடி செத்தது?"

"அக்கா!"ன்னா நிரஞ்சலா.

இராக்கம்மா ஏசல. முந்தானைய எடுத்துத் தலையில போட்டுக்கிட்டு அங்கயே நின்னுச்சு. தப்பு முடியிற வரைக்கும் நாங்களும் நின்னோம்.