நிஹாராவின் நீல அம்புகள்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், ஒருவர் இறந்துவிட்டார் என்று ஜனாஸா அறிவித்தல் வந்தபோது நாங்கள் சமையற்கூடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். இன்னாரின் மகள் என்று முதலில் நிஹாராவின் வாப்பாவின் பெயரைச் சொன்னார்கள். பிறகு அவளுடைய பெயரை. நாளைக்கு ஆஸ்பத்திரியில் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டிவிடுவார்கள், வந்துவிடுவாள் என்று சற்று முன்புதான் கதைத்திருந்தோம். யாரும் வெங்காயத்தைக் கீழே வைக்கவில்லை. அழுவதற்கு அது வசதியாக இருந்தது.

கல்முனையில் எங்கள் கையால் கல்யாணச் சோறு சாப்பிட்டவர்களுக்கு நிஹாராவைத் தெரியும். ஓடர் எடுத்து, சாமான் கணக்குப் போட்டு, அடுப்படியில் எங்களை ஓட ஓட விரட்டியவள். என்னைவிட எவ்வளவோ இளையவள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவளைப் பற்றி வேறு யாரும் எழுத நான் விடமாட்டேன்.

அவள் முதல் தடவை லெப்டொப்பை அடுப்படிக்குக் கொண்டுவந்த அன்று, அரிசி இறக்க வந்த கடைக்காரர் சிரித்தார்.

“என்ன புள்ள, இதுக்கும் உப்புப் போட்டு அவிப்பியோ?”

“ஒங்கட தராச அவிச்ச பொறகு இத அவிப்பம் காக்கா” என்றாள், அண்ணன் முறை வைத்தே. அதற்குப் பிறகு அவர் மூட்டையைக் குறைவாக நிறுத்ததில்லை.

எங்கள் பக்கத்து விருந்துக்கு ஆளை எண்ணினால் மட்டும் போதாது, சஹனை எண்ண வேண்டும். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவதுதான் சஹன். லெப்டொப்பில் அவள் போட்ட கணக்குச் சீட்டில் ஆள் எத்தனை என்று ஒரு கட்டம், ஒரு சஹனுக்கு எத்தனை பேர் என்று ஒரு கட்டம். அந்த இரண்டிலிருந்தும் சஹன் கணக்கு வரும். சஹன் கணக்கிலிருந்து அரிசி, இறைச்சி, நெய் எல்லாம் வரும். கடைசியில் இனிப்புக்குக் கொடுக்கும் வட்டிலப்பம் மட்டும் ஆள் கணக்கில் போகும்.

ஒரு கல்யாணத்தில், சஹனுக்கு ஐந்து பேர் போதும் என்று மாப்பிள்ளை வீட்டார் கடைசியில் மாற்றினார்கள். நிஹாரா ஆறை ஐந்தாக்கினாள். இறைச்சி கூடியது, நெய் கூடியது, அரிசி மட்டும் அசையவில்லை. முன்பு ஒரு நாள் அவசரத்தில் அந்தக் கட்டத்தின் ஃபோர்முலாவுக்கு மேலேயே அவள் வெறும் இலக்கத்தைத் தட்டியிருந்தாள். அதை யாரும் கவனிக்கவில்லை, பந்தியில் பாதியிலேயே சோறு முடிந்தது. பெண்ணின் மாமா எங்களைக் கிழித்துக் காயப்போட்டார். நிஹாரா ஆம்பிளைகளின் பந்திக்கு நடுவில் போய் நின்றாள்.

“பிழை என்ட. அவங்கள ஏசாதீங்க. சோறு வருது, இரிங்க.”

சோறு வந்தது. அவர்கள் இருந்துதான் சாப்பிட்டார்கள்.

மறுநாள் எங்கள் எல்லோரையும் லெப்டொப்புக்கு முன்னால் இருத்தினாள். ஒரு கட்டத்தைத் தொட்டு ஒரு பொத்தானை அழுத்தினால், அது எந்தக் கட்டத்தை நம்பி நிற்கிறது என்று நீல அம்பு வந்து காட்டும். இன்னொன்றை அழுத்தினால், அதை நம்பி எவை நிற்கின்றன என்று அம்பு அங்கே ஓடும். எனக்கு வாசிப்பே கஷ்டம் என்றேன்.

“அம்புக்கு என்ன வாசிப்பு ராத்தா? மீன் முள்ளு எடுக்கிற கண் காணும்” என்றாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்: “அம்பு வராத கட்டத்த நம்பாதீங்க. அது கணக்குப் பாக்கல்ல. ஆரோ சொன்னதத் திருப்பிச் சொல்லிட்டு இரிக்கி.”

அவளை அடக்கம் செய்து மூன்றாம் நாள், ஒலுவிலில் மீன் யாவாரம் செய்யும் ஒருவர் வந்தார். தன் மகளின் கல்யாணச் சாப்பாட்டு ஓடரை நிஹாராவிடம் கொடுத்திருந்தவர். வாசலிலேயே நின்றார்.

“கோவிக்காதீங்க தங்கச்சி. ஆளும் கூடிட்டு. மௌத்தான புள்ளட கணக்க நம்பி நான் எப்பிடிச் சபைக்கு முன்னால நிக்கிற? வேற ஆக்களுக்குக் குடுக்கப்போறன்.”

ஒரு ஓடர் போனால் அடுத்ததும் போகும். அடுப்பு அணையும் என்று ஊரில் ஏற்கெனவே கதை வந்திருந்தது.

“இரிங்க காக்கா” என்று லெப்டொப்பைத் திறந்தேன். ஆள் கட்டத்தைத் தொட முதல் ஒவ்வொரு கட்டமாக அம்பைப் பார்த்தேன். அரிசிக்கு வந்தது. இறைச்சிக்கு வந்தது. நெய்க்கு வரவில்லை. வெறும் இலக்கம். அந்தச் சீட்டை அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துதான் செய்தாள். ஊசி ஏற்றிய கையால் தட்டியிருப்பாள். அரிசிக் கட்டத்தில் அவள் எழுதியிருந்ததைப் பார்த்து, சஹன் கணக்கை ஒரு சஹனுக்குரிய நெய்யால் பெருக்கச் சொல்லி எழுதினேன். அம்பு வந்தது. பிறகுதான் அவர் சொன்ன ஆளைப் போட்டேன். எல்லாம் கூடியது, நெய்யும்.

“அப்ப அந்தப் புள்ள பிழையாத்தானே போட்டிருந்திச்சி?” என்றார்.

“ஓம் காக்கா. அவட பிழையப் புடிக்கவும் அவதான் சொல்லித் தந்த. ஓடர் எங்களுக்குத்தான்.”

அவர் திரையில் அந்த அம்பைப் பார்த்தார். “நெய்யக் கொறச்சிராதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். போன ஞாயிறு அவர் வீட்டில் கடைசிச் சஹன் வரைக்கும் சோறு இருந்தது.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: எதையும் மாற்ற முதல், அதை நம்பி என்ன நிற்கிறது என்று பார்ப்பது. ஒவ்வொரு சீட்டின் மேலேயும் ‘பொறுப்பு: நிஹாரா’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. இனி உங்கள் பெயரைப் போடுங்கள் என்கிறார்கள் அடுப்படியில் கூட இருப்பவர்கள். அதையும் தொட்டு அழுத்திப் பார்த்தேன். ஒரு அம்பும் ஓடவில்லை. அழித்தாலும் ஒரு கணக்கும் பிழையாகாது.

நான் அழிக்கவில்லை. அழிக்கவும் மாட்டேன்.