கடைசிப் பெட்டிக்குக் காற்று வந்ததா?

ஈஸ்வரியின் போன் வந்தபோது நான் பழனிசெட்டிபட்டியில் என் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் லாரிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சில வாரங்களாகக் காலையில் அவள் கூப்பிடுவதும், எடுத்தவுடன் நான் ஒரே கேள்வியைக் கேட்பதும் வழக்கமாகியிருந்தது. அன்றும் அதையே கேட்டேன். "என்னத்தா, கால்ல சூடு இருக்கா?" அவள் சொன்னாள்: "எல்லாமே குளுந்துருச்சுண்ணே. அவுக போயிட்டாக." லாரிக்காரன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவனிடம் சரி சரி என்று தலையாட்டினேன். எதற்காகச் சண்டை போட்டேன் என்பது இன்று வரை ஞாபகத்துக்கு வரவில்லை.

ஈஸ்வரியின் வீட்டுக்காரர் மொக்கராசு போய்விட்டார். நம் ரயில்வே யார்டில் அவரோடு நிலக்கரித் தூளில் புரண்ட உங்களுக்கெல்லாம் இதற்குள் தகவல் வந்திருக்கும். 'அவர்' என்று எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நேரில் நாங்கள் வாப்பா போப்பாதான். அவர் வேகன் ஃபிட்டர், நான் சரக்கு வண்டி கார்டு. கடலோரத்து யார்டில் வேலை. ஓய்வு நாளுக்கு இரண்டு பேரும் ஒரே பஸ் பிடித்துத் தேனிக்கு வருவோம். சொந்த ஊர் பண்ணைப்புரம் என்றாலும் கல்யாணமான பிறகு அவர் என் தெருவுக்கு அடுத்த தெருவுக்கே குடிவந்துவிட்டார். கார்டு என்ற பதவிக்கு டிரெய்ன் மேனேஜர் என்று பெயர் மாற்றியபோது நான் கொஞ்சம் பெருமையோடு போய்ச் சொன்னேன். "பேர மாத்துனா பச்சக்கொடி வேற கலராவா ஆகப்போகுது?" என்று கேட்டுவிட்டு ஸ்பேனரைத் துடைக்கப் போய்விட்டார். கடைசி வரை அவருக்கு நான் கார்டுதான்.

உங்கள் பிள்ளைகளும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காக அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சரக்கு வண்டியில் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டு இணைப்பு உண்டு. ஒன்று இரும்பு. ஒரு பெட்டியைத் தள்ளிவந்து இன்னொன்றில் மோதினால், இரண்டு பக்கத்து நக்கிள் கொக்கியும் விரல் மடக்கிக் கைகோர்த்ததுபோல் பிடித்துப் பூட்டிக்கொள்ளும். பூட்டு சரியாக விழுந்ததா என்று பார்க்கத்தான் ஆள் வேண்டும். இன்னொன்று ரப்பர் ஹோஸ். ஆள் குனிந்து இரண்டு பெட்டிக்கும் நடுவில் போய் அதைக் கையால் மாட்ட வேண்டும். இஞ்சினில் இருந்து காற்று அதன் வழியாகக் கடைசிப் பெட்டி வரை போகும். காற்று நிறைந்திருந்தால் வண்டி ஓடும். டிரைவர் காற்றை இறக்கினால் எல்லாப் பெட்டிகளும் பிரேக் பிடிக்கும். ஒவ்வொரு பெட்டியின் இரண்டு முனையிலும் காற்றுக்கு ஒரு திருகு இருக்கிறது. நடுவில் உள்ள திருகுகள் எல்லாம் திறந்திருக்க வேண்டும், கடைசியில் உள்ளது மட்டும் மூடியிருக்க வேண்டும். நடுவில் எங்காவது ஒன்று மூடிக் கிடந்தால் இஞ்சினில் இருக்கும் காற்று மீட்டரின் முள்ளுக்கு அது தெரியாது. அது சரியாகத்தான் காட்டும். பின்னால் உள்ள பெட்டிகளுக்கு மட்டும் டிரைவர் சொல்வது காதில் விழாது.

நான் அவரை முதன்முதலில் பார்த்ததே அப்படி ஒரு நாளில்தான். மழை பெய்துகொண்டிருந்தது. கடைசியில் இருக்கும் என் பிரேக் வேனில் காற்றுமுள் எழும்பவே இல்லை. இஞ்சினில் காற்றழுத்தம் அஞ்சு கிலோ நிற்கிறது, உன் மீட்டர்தான் கெட்டுப்போயிருக்கும் என்றார் டிரைவர். மீட்டர் கெட்டுப்போவது அன்றாடம் நடப்பதுதான். கன்ட்ரோல் ஆபீஸில் இருந்து வண்டியை எடுங்கள், எடுங்கள் என்று நெருக்கினார்கள். அப்போது சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒருவர் வந்து நின்றார். "கடைசிக்குக் காத்து வந்துச்சா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். இஞ்சின் இருக்கும் திசையில் ஒவ்வொரு இணைப்பாகக் குனிந்து பார்த்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தார். நடு வண்டியில், பெட்டிகளைக் கோக்கும் ஷண்டிங் வேலையை முடித்த ஆள் திறக்க மறந்துபோன ஒரு திருகு மூடியிருந்தது. பின்பாதிப் பெட்டிகளின் பிரேக்கைக் கையால் விடுவித்து வைத்திருந்தார்கள். அவை உருளும், ஆனால் நிற்காது. யார்டைத் தாண்டினால் நேரே இறக்கம். அந்தத் திருகு திறந்த நிமிஷம் என் முள் மெதுவாக மேலே ஏறியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பி வந்தவர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "இஞ்சின் முள்ளு இஞ்சின் கதையத்தான்ப்பா சொல்லும். கடைசிப் பெட்டி கதைய கடைசிப் பெட்டிகிட்டதான் கேக்கணும்."

அதன் பிறகு நான் எந்த வண்டியில் கிளம்பினாலும் அவர் கேட்பார், நான் முள்ளைப் பார்த்துப் பதில் சொல்வேன். பார்க்காமல் சொன்னால் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார். இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. கடைசிப் பெட்டிக்குப் பின்னால் மாட்ட வேறு பெட்டி கிடையாது, அதனால் அந்த ஹோஸ் சும்மா தொங்கும். அதைத் தூக்கிக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் அவர் நகர்வார். தரையில் இழுபட்டுக் கல்லில் அடிபடும் என்பது விதி. அவருக்கு அது விதி மட்டுமில்லை. தொங்குகிற ஹோஸைப் பார்த்தால் முந்தானை தரையில் புரளும் பெண்ணைப் பார்த்ததுபோல் அவருக்குப் பதறும்.

வேலையில் இருந்த இந்தக் கிறுக்கு வீட்டுக்கும் வந்துவிட்டது. தேவதானப்பட்டியில் என் மகள் கல்யாணம். பந்தியில் நான் சம்பந்தி வீட்டாரோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். இவர் கடைசி வரிசைக்குப் போய், "இங்கன ரசம் வந்துச்சா, இங்கன ரசம் வந்துச்சா" என்று ஒவ்வொரு இலையாகக் கேட்டுக்கொண்டு போகிறார். சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, யாரய்யா இந்த ஆள் என்று என்னிடம் கேட்டார். எனக்கு மானம் போனது. ஆனால் அன்று கடைசி வரிசைக்கு ரசம் வந்திருக்கவில்லை என்பதும் உண்மைதான். மதுரை ரயில் மறுபடி தேனிக்கு வந்த சமயத்திலும் இதே கூத்துதான். ஊரே இஞ்சினோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, இவர் என் கையைப் பிடித்து வண்டியின் வால்பக்கம் இழுத்துப் போனார். கடைசிப் பெட்டி என்பதற்கு அடையாளமாக ஒரு போர்டு மாட்டுவோம் இல்லையா, எல்.வி. போர்டு, அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவர் முகத்தில் ரயில் வந்த சந்தோஷம் தெரிந்தது.

இப்படிப்பட்ட ஆள் தன் காலைப் பார்க்கவில்லை. எனக்கு இதை நினைத்தால் அழுகைக்கு முன்னால் கோபம்தான் வருகிறது.

போன சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு நாங்கள் மூன்று பேரும் வெறுங்காலோடு நடந்தோம். கிளம்பும்போதே வெயில் ஏறிவிட்டது. தார் ரோடு கொதித்தது. நான் ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டில் குதித்துக் குதித்துப் போகிறேன், ஈஸ்வரி மர நிழல் தேடி ஓடுகிறாள். மொக்கராசு மட்டும் கையில் வேப்பிலையோடு நடு ரோட்டில் நிதானமாக நடந்தார். சுடவில்லையா என்று கேட்டேன். "சூடே தெரியலப்பா" என்றார். அம்மன் அருள் என்றேன். நான் கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். ஈஸ்வரி அவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவருக்கும் முகம் மலர்ந்துபோனது. பல வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற ஆளுக்குச் சூடு தெரியவில்லை என்றால் அதற்கு வேறு அர்த்தம் உண்டு என்பது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

உள்ளங்காலில் கொப்புளம் வந்திருந்தது. அது உடைந்து புண்ணாகும் வரை அவருக்கே தெரியாது. மஞ்சள் பற்றுப் போட்டார்கள், துணி சுற்றினார்கள். பெருவிரல் கறுக்க ஆரம்பித்ததும் தேனியில் காட்டி, அங்கிருந்து மதுரைக்குப் போகச் சொன்னார்கள். அந்த டாக்டரம்மா பொறுமைசாலி. படம் எடுத்து, அதை வெளிச்சத்தில் வைத்து எங்களுக்கும் காட்டினார். ரத்தம் முழங்கால் வரை நன்றாக வருகிறது, அதற்குக் கீழே போகவில்லை என்றார். "கடைசிக்கு வரல, அப்பிடித்தான தாயி?" என்று மொக்கராசு கேட்டார். ஆமாம் அய்யா, அதேதான் என்றார் அவர். எங்கே அடைத்திருக்கிறது என்று மொக்கராசு கேட்டு, படத்தின் மேல் குனிந்து, டாக்டரம்மா விரல் வைத்த இடங்களையெல்லாம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒரு திருகு இல்லப்பா கார்டு. வழி நெடுக மூடிக் கெடக்கு." நடந்து போய்த் திறந்துவிட்டு வர முடியாத வண்டி அது என்று எங்கள் இரண்டு பேருக்குமே அப்போது தெரிந்துவிட்டது.

ஆனாலும் ரத்தக்குழாய்க்குள் கம்பி விட்டு ஒரு இடத்தில் அடைப்பை எடுத்தார்கள். இரண்டொரு நாள் பாதத்தில் சூடு வந்தது. என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார், நான் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. நான் அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று முன்பின் தெரியாத ஆட்களிடமெல்லாம் அதைச் சொன்னேன். அப்போது பிடித்ததுதான் அந்தக் காலைநேரக் கேள்வி. பிறகு ஒருநாள் ஈஸ்வரி, "கொஞ்சம் குளுந்தாப்ல இருக்குண்ணே" என்றாள். மறுநாள் அந்தக் 'கொஞ்சம்' இல்லை.

காலை எடுக்காவிட்டால் விஷம் ஏறிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். மொக்கராசு சம்மதிக்கவில்லை. ஈஸ்வரி அழுது பார்த்தாள். "கார்டு வந்து பாக்கட்டும். அவன் சூடு வரலன்னு சொன்னா எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டாராம். நான் பஸ் ஏறி மதுரைக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர் போர்வையை விலக்கிக் காலைக் காட்டினார்.

"பாத்துச் சொல்லு. கடைசிக்கு வருதா?"

முழங்காலுக்குக் கீழிருந்து கையை மெதுவாக இறக்கினேன். ஆடுசதை பாதி வரை சூடு இருந்தது. கணுக்காலில் இல்லை. பாதத்தில் கையை வைத்து, தேவைக்கு மேலேயே வைத்திருந்தேன். என் கைச்சூடு அதில் ஏறி அதையே அதன் சூடு என்று சொல்லிவிட மாட்டோமா என்றுகூட நினைத்தேன். ஈஸ்வரி என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தனை வருஷம் அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறேன். பொய் சொல்ல ஆசைப்பட்டது அன்று ஒருநாள்தான்.

"வரலப்பா" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்பக் கழட்டிற வேண்டியதுதான்" என்று போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

முழங்காலுக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து என்னைப் பார்த்ததும், "இப்பத் தொடைதான் கடைசிப் பெட்டி. போர்ட மாத்தி மாட்டு" என்றார். நான் சிரித்தேன். ஈஸ்வரி வெளியே எழுந்து போனாள். அதன் பிறகு நான் அந்த இன்னொரு காலைப் பற்றித்தான் காலையில் விசாரித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதற்குள் விஷம் ரத்தத்தில் கலந்திருந்தது. முதலில் சிறுநீரகம், பிறகு இதயம் என்று ஒவ்வொன்றாக நின்றது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. டாக்டர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள், ஈஸ்வரி தூங்கவே இல்லை, நானும் உண்மையைத்தான் சொன்னேன். கடைசியில் இருப்பவன் உண்மையைச் சொன்னால் வண்டி பிழைத்துக்கொள்ளும் என்றுதான் நானும் அவரும் அத்தனை வருஷம் நம்பியிருந்தோம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியதும், அவருடைய பெரியப்பா மகன் வெள்ளைத் துணியை நீளமாகக் கிழித்துக்கொண்டு வந்தார். கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும் இல்லையா. போர்வையை விலக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். கால்மாட்டில் நான் இருந்தேன். துணியை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார். வாழ்நாள் முழுக்க ஒன்றோடு ஒன்றை மாட்டிய ஆளுக்கு, சேர்த்துக் கட்ட இன்னொரு கால் இல்லை. நான் பழக்கத்தில் அந்தப் பாதத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பிறகு ஒற்றைப் பெருவிரலில் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். மிச்சத் துணி தரையில் தொங்கியது. அதை அப்படியே விட மனசு வரவில்லை. எடுத்து மடித்து, சுற்றுக்குள் செருகிவிட்டேன்.

இப்போதும் காலையில் அந்த நேரம் வந்தால் போன் என் கையில் இருக்கிறது. கேட்பதற்கு ஒரு கேள்வியும் இருக்கிறது. அவர் எனக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான். இனி அதை யாரிடம் கேட்பது என்று அவர் சொல்லிவிட்டுப் போகவில்லை.