படத்தில் ஒன்றுமில்லை

சட்டை தைக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவளுக்குக் கழுகு என்று பெயர். தைத்து முடித்த சட்டை கடைசியாக அவள் மேசைக்குத்தான் வரும். காலரைத் திருப்பிப் பார்த்து, கைப்பட்டையை விரலால் நீவி, பொத்தான்களை ஒரு இழுப்பு இழுத்து, நூல் பிசிறுகளைக் கத்தரிப்பாள். தையல் ஒரு இழை விலகியிருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். ஒன்பது வருடத்தில் அவள் கையைத் தாண்டிப் போன சட்டை ஒன்றுகூட குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. தைக்கிற பெண்கள் அவளைத் திட்டிக்கொண்டேதான் மதித்தார்கள்.

முதல் குத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்தது. வலது கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணியை வைத்து ஓங்கி அடித்ததுபோல இருந்தது. கையிலிருந்த சட்டை நழுவியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டாள். வலது கண் சிவந்து அதிலிருந்து மட்டும் நீர் கொட்டியது. மூக்கிலும் வலது பக்கம் மட்டும் ஒழுகியது. இடது கண் தனக்கு இதில் சம்பந்தமே இல்லை என்பதுபோலக் காய்ந்து கிடந்தது. பத்து நிமிடம் கழித்து, யாரோ ஆணியைப் பிடுங்கி எறிந்ததுபோல, வலி சட்டென்று போய்விட்டது. காலையில் சரியாகச் சாப்பிடாததால் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த சட்டையை எடுத்தாள். மதியத்துக்குள் இன்னும் மூன்று முறை வந்தது.

அந்த வாரத்திலிருந்து ஒரு நாளைக்கு எட்டு முறையாவது வந்தது. எப்போதும் வலது பக்கம்தான். கால் மணி நேரத்துக்கு மேல் ஒருபோதும் நின்றதில்லை. அதுவே அவளுக்கு வினையாகப் போயிற்று. தலைவலிக்காரி என்றால் இருட்டறையில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்துக் கிடக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு முன் துடியாய்த் துடித்தவள் இப்போது எழுந்து சட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் யார் நம்புவார்கள்?

தையல்காரி ஒருத்தி இருந்தாள். கழுகு அதிகமாகத் திருப்பி அனுப்பியது அவளுடைய சட்டைகளைத்தான். தேநீர் இடைவேளையில் எல்லோரும் கேட்கும்படி அவள் சொன்னாள்: “ஒத்தக் கண்ணால அழற பொம்பளைய இப்பதான் பாக்கறேன். அந்த நீலிகூட ரெண்டு கண்ணாலதான் அழுதிருப்பா.”

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அன்றோடு கழுகு என்ற பெயர் போய் நீலி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

முதலில் கண் டாக்டரிடம் போனாள். கண்ணாடி எழுதிக் கொடுத்தார். போட்டாள், வலி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வந்தது. அடுத்து மூக்கு டாக்டர், சளி கட்டியிருக்கிறது என்றார். ஆறு மாதம் மருந்து தெளித்துப் பார்த்துவிட்டு உள்ளே ஒரு அறுவையும் செய்தார். பல் டாக்டர் மேல் கடைவாய்ப் பல்லைத் தட்டிப் பார்த்து வேர்தான் காரணம் என்று அதைப் பிடுங்கினார். மூன்று நாள் வலி குறைந்ததுபோல அவளே தன்னை நம்பவைத்துக்கொண்டாள். நாலாம் நாள் பழையபடி வந்தது. அப்படியானால் பக்கத்துப் பல்லாக இருக்கும் என்றார் அவர். அதுவும் போயிற்று.

எந்த டாக்டர் முன்னாலும் வலி வந்ததில்லை. வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது வரும், வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் வரும். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் நல்ல பிள்ளையாகிவிடும். அவள் ஆணி என்பாள், ஒரு கண் என்பாள், பத்து நிமிடம் என்பாள். அவர்கள் தலைவலி என்று ஒரே சொல்லாக எழுதிக்கொள்வார்கள். ஒருவர் மட்டும் பேனாவை வைத்துவிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்.

அவள் கணவன் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிறவன். கண்ணால் பார்த்த எண்ணைத் தவிர வேறெதையும் நம்பிப் பழகாதவன். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. தலையைப் படம் எடுத்த அன்று விடுப்புப் போட்டுவிட்டு வந்தான். கட்டியாக இருக்குமோ என்று பயந்து கைக்குட்டையைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். படத்தில் ஒன்றுமில்லை என்று சொன்னபோது அவளுக்கு முன்னால் அவன் அழுதுவிட்டான். அந்த அழுகை நிஜம்தான். ஆனால் ஒரு வருடம் போவதற்குள் அதே வார்த்தை அவன் வாயில் வேறு அர்த்தத்துக்கு மாறிவிட்டது.

“அதான் படத்துல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்களே,” என்பான், வலி வரும்போதெல்லாம். “நேத்து சாயந்திரம் நல்லாத்தானே சிரிச்சுப் பேசிட்டிருந்தே?”

அவனுடைய அக்கா வந்து இரண்டு நாள் தங்கினாள். இது உடம்பு வியாதியே அல்ல, மனசுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மனநல டாக்டர் ஒருவரின் முகவரியையும் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் போட்டால் நின்றபடியே தூக்கம் வந்தது. வலி குறையவில்லை; தூக்கக் கலக்கத்தில் வலித்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த மாதத்தில் பொத்தான் துளை தப்பாய் வெட்டிய நூற்று நாற்பது சட்டைகள் அவள் மேசையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தன. மேற்பார்வையாளர் அவளோடு ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். முதலில் பெட்டி கட்டும் இடத்துக்கு மாற்றினாள். பிறகு, கொஞ்ச நாள் வீட்டில் இருந்துவிட்டு வா என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வீட்டில் இருந்தபோதுதான் மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வந்தது. வகுப்பாசிரியை மதிப்பெண்ணைப் படிக்கிற நேரம் பார்த்து வலி வந்தது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு முனகினாள். மற்ற அம்மாக்கள், மார்க் குறைந்ததற்கா இவ்வளவு அழுகை என்று பார்த்தார்கள். வீடு வரைக்கும் மகள் இரண்டடி முன்னாலேயே நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, “அடுத்த தடவை அப்பாவே வரட்டும்மா,” என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வலி தாங்காமல் சுவரில் தலையை முட்டினாள். கணவன் எழுந்து வந்தான். பிடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தாள். அவன் அவளைத் தாண்டிப் போய் ஜன்னலைச் சாத்தினான். “பக்கத்து வீட்ல கேக்கும்,” என்றான், கோபமே இல்லாமல்.

மூன்று வருடமும் நாலு மாதமும் இப்படிப் போனபின், அரசாங்கப் பெரிய மருத்துவமனையில் சீட்டு எடுத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அங்கே அது அவளுக்கு மூன்றாவது வருகை. வலி வந்தது. பெஞ்சின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தாள். சுற்றி இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த வழியாகப் போன ஒரு பெண் டாக்டர் நின்றாள். சின்ன வயசு, தூக்கம் கெட்ட முகம். அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். மறுபடி கடிகாரம். தொடவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. பன்னிரண்டாவது நிமிடத்தில் வலி விட்டதும்தான் பேசினாள்.

“எப்பவும் இந்தப் பக்கம்தானா?”

“ஆமா டாக்டர்.”

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை?”

“எட்டு, பத்து.”

“இது வர்றப்ப இதுக்கு முன்னாடி யாரும் பாத்ததில்லையா?”

“பாத்தவங்க நெறைய பேர் டாக்டர். டாக்டருங்கதான் யாரும் பாக்கல.”

நரம்பு சம்பந்தப்பட்டது, அபூர்வமாக வருவது, படத்தில் தெரியாது என்று அந்த டாக்டர் பொறுமையாக விளக்கினாள். வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் படம் என்றாள். இதற்கென்று ஒரு பழைய மாத்திரை இருக்கிறது. இந்த வியாதிதான் என்றால் சில நாளில் நின்றுவிடும் என்று எழுதிக் கொடுத்தாள். மருந்துக் கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூட்டு வலிக்குத்தானே இதை வாங்குவார்கள் என்றார். அவர் கடை அலமாரியில் அது ஒரு பெட்டி நிறைய இருந்தது.

மூன்றாம் நாள் காலை பத்தரைக்கு முக்காலியில் உட்கார்ந்து அதற்காகக் காத்திருந்தாள். வரவில்லை. மதியமும் வரவில்லை. அன்று முழுக்க வரவே இல்லை. சாயங்காலம் நாக்கால் தடவிப் பார்த்தாள்; இரண்டு பல் இருந்த இடம் வழவழவென்று இருந்தது. அப்போதுதான் அழுகை வந்தது. சந்தோஷ அழுகை என்று நினைத்து மகள் வந்து கட்டிக்கொண்டாள். அவளும் இல்லை என்று சொல்லவில்லை.

கணவனுக்குத் தலைகால் புரியவில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டான். “சாதாரண மாத்திரைதான், மூட்டு வலிக்குப் போடறதாம்,” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சிரித்தான். அவனுடைய அக்கா போனை அவளிடம் கொடுக்கச் சொன்னாள். “நான் அப்பவே சொன்னேனே, பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு,” என்றாள். சரி அண்ணி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனாள். மேற்பார்வையாளர் அதை நின்றுகொண்டே படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். பரிசோதனை மேசையில் ஆள் இருக்கிறது, வேண்டுமானால் பெட்டி கட்டப் புது ஆளாகச் சேரலாம் என்றாள். யார் அந்த ஆள் என்று கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தாள். அந்தத் தையல்காரிதான். கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். இரண்டு தெரு தள்ளி, பள்ளிச் சீருடை தைக்கிற சின்னப் பட்டறை ஒன்றில் இப்போது வேலை பார்க்கிறாள்.

மாத்திரை வயிற்றை எரித்தது. ஏழெட்டு மாதம் கழித்து, இன்னும் தேவைப்படுகிறதா என்று பார்க்க, சில நாள் நிறுத்திப் பார்க்கச் சொன்னாள் டாக்டர். இரண்டாம் நாள் சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்தது. கணவன் வீட்டில் இருந்தான். ஓடி வந்தான். மகளைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னான். வியாதியின் நீளமான பெயரை அவளைவிட நன்றாக உச்சரிக்கக் கற்றிருந்தான். அதை இரண்டு முறை சொன்னான். பிறகு அவள் அருகே தரையில் உட்கார்ந்து முதுகில் கை வைத்து நீவினான். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அந்தக் கை அப்படி வந்ததில்லை. இதே கண்தான், இதே வலிதான். காகிதத்தில் ஒரு பெயர் ஏறியிருந்தது, அவ்வளவுதான்.

வலியின் நடுவிலேயே அவள் கையைப் பின்னால் கொண்டுபோய் அவன் கையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

“விடுங்க,” என்றாள். “பத்து நிமிஷத்துல போயிடும்.”

அவன் எழுந்து போகவும் இல்லை, மறுபடி தொடவும் இல்லை. பாதி மடித்த துணிகளுக்கு நடுவே, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.