வெறும் வயிற்றில் ஒரு டம்ளர்

இரண்டு வருடங்களுக்கு முன், சங்கரன்கோவிலில் ஆடித் தபசு முடிந்த மறுவாரம் நடந்தது இது. என் கணவர் ராஜபாளையம் ரோட்டில் பைக் மெக்கானிக். நான் பள்ளியில் அறிவியல் டீச்சர். அவருக்கு ரத்தத்தில் கொழுப்பு கூடுதல் என்று ரிப்போர்ட் வந்திருந்தது. மாத்திரை என்றாலே முகம் சுளிப்பார்.

அந்த நேரம் பார்த்து, சிவகிரியிலிருந்து வரும் சக டீச்சர் ஒரு பை நிறையப் புளிச்சக்காய் கொடுத்தார். விரல் நீளத்தில் பச்சையாக, அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்குமே, அது. அவர் தந்தது ஊறுகாய் போட. கொழுப்பைக் கரைக்கும் என்று போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, ஜூஸ் அடித்து, காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் கொடுக்க ஆரம்பித்தது நான்தான்.

“ஏட்டி, பல்லெல்லாம் கூசுது. இத எப்படிக் குடிக்க?” என்பார்.

“மூக்கப் பிடிச்சிக்கிட்டுக் குடிங்க” என்று டம்ளர் காலியாகும்வரை பக்கத்திலேயே நிற்பேன்.

ஐந்தாம் நாள் வாந்தி, இடுப்பு வலி. பித்தமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை பாத்ரூமிலிருந்து சுவரைப் பிடித்தபடி வந்தவர், “நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒண்ணுக்கே வரல” என்றார். முகம் வீங்கியிருந்தது.

உள்ளூர் டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, “கிட்னி வேலை செய்யல. உடனே திருநெல்வேலி கொண்டு போங்க” என்றார். காரில் மாமியார் முன்சீட்டில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பின்சீட்டில் கணவர் மூச்சு வாங்குவதையே பார்த்துக்கொண்டு நான்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, “நாட்டு மருந்து, லேகியம் ஏதும் சாப்பிட்டாரா?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. வாய் திறக்கவில்லை. அதற்குள் என் கணவரே, “ஒண்ணுமில்ல டாக்டர்” என்றார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

டயாலிசிஸுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேப்பரை நீட்டினார்கள். பேப்பரை அப்படியே போட்டுவிட்டு டாக்டரம்மாவின் பின்னால் ஓடினேன். “நான்தான் டாக்டர். அஞ்சு நாளா புளிச்சக்காய் ஜூஸ் குடுத்தேன்.”

அவர் திட்டவில்லை. “இப்பமாவது சொன்னீங்களே. அதுல ஆக்ஸாலிக் அமிலம் ரொம்பக் கூடுதல். கீரையில, தக்காளியில கொஞ்சமா இருக்கது உடம்பு தாங்கிக்கிடும். வெறும் வயித்துல டம்ளர் டம்ளரா போனா, பொடிப்பொடி உப்பா கிட்னிய அடைச்சிரும்” என்றார். ‘தக்காளி – ஆக்ஸாலிக் அமிலம்’ என்று வருடாவருடம் போர்டில் எழுதிப்போடுகிறவள் நான். தலை நிமிரவே முடியவில்லை.

மூன்று தடவை டயாலிசிஸ். எட்டாம் நாள் நர்ஸ், “அக்கா, இங்கன பாருங்க” என்று மூத்திரப் பையைக் காட்டினார். அடியில் கொஞ்சம் மஞ்சளாகத் தேங்கியிருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

வீடு திரும்பிய பிறகு ஒருநாள், ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். “அம்மா ஒன்னய ஏசுவாளே. நீ சொல்லலேன்னா நானும் சொல்லியிருக்க மாட்டேன்” என்றார், சாதாரணமாக.

இன்று அவர் நன்றாக இருக்கிறார். ஆனாலும் டாக்டரம்மா கேள்வி கேட்டதற்கும் நான் ஓடிப்போய்ச் சொன்னதற்கும் நடுவில் வாய்மூடி நின்றேனே, அந்த அரைமணி நேரம் நினைவுக்கு வரும்போதெல்லாம் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது.