பெயர் கூப்பிட்டால் நிற்பவள்

விஜயலெட்சுமி பிரதேச சபை உறுப்பினரானதை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் பாதிப் பேர் இன்னும் நம்பவில்லை. நமுனுகுல மலையில் அவளுக்கு அடுத்த நிரையில் கொழுந்து பறிக்கிற நானே நம்பச் சில நாள் ஆனது.

அவள் தேர்தலில் நின்றது ஒரே ஒரு பாலத்துக்காக. எங்கள் லயத்துக்கும் பெரிய வீதிக்கும் நடுவில் ஓர் ஓடை. பலகை மேல் ஆள் நடக்கலாம், வண்டி வராது. அதற்கு முந்தின வருட மழையில் அவள் மகள் சுதர்ஷினிக்கு வலி வந்தபோது, தண்ணீர் வடியும்வரை இக்கரையிலேயே காத்திருந்தோம். பிள்ளை தங்கவில்லை.

சபையிலோ தலைமை தாங்கும் தவிசாளர் பவாஸுக்கும் உறுப்பினர்களுக்கும் ஏழாம் பொருத்தம். யாரையும் கேட்காமல் அவரே முடிவெடுப்பார். முதல் கூட்டத்திலேயே விஜயலெட்சுமி எழுந்து பாலம் எப்போது என்று கேட்டாள். டிசம்பரில் வரவு செலவுத் திட்டம் வந்தபோது சுதர்ஷினி மறுபடியும் மூன்று மாதம்; திட்டத்திலோ பாலத்தைக் காணோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எதிரணித் தேவதாசனுக்குக் கொண்டாட்டம். “அக்கா, அந்த மனுசன வீழ்த்த இதவிட நல்ல நேரம் கிடைக்காது. எதிர்த்து ஓட்டுப் போட்டுருங்க.”

“வீழ்த்துங்க தம்பி. அப்புறம் பாலத்த யாரு கட்டுவா?”

அவன் அடுத்த உறுப்பினரைத் தேடிப் போனான்.

வாக்கெடுப்பு அன்று வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் பார்வையாளர் வாங்கில் போய் உட்கார்ந்தேன். செயலாளர் ரொஷானி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். தவிசாளரோடு சேர்த்து ஆதரவு ஒன்பது, எதிர்ப்பு பத்து. மிச்சம் எங்கள் ஆள் மட்டும்தான். அவள் ஆதரித்தால் சமன். சமன் என்றால் தவிசாளரின் இரண்டாவது வாக்கு திட்டத்தைக் காப்பாற்றிவிடும்.

“விஜயலெட்சுமி!”

“இருக்கேங்க!”

இருபத்தைந்து வருடமாகத் தோட்டத்துக் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கப் பெயர் கூப்பிடும்போது சொல்லிப் பழகிய பதில், தானாக வந்து விழுந்துவிட்டது. சபையே சிரித்தது. தவிசாளரும் சிரித்தார். எனக்குத்தான் மானம் போனது.

அவள் முகம் சிவந்தது. ஆனால் எழுந்தவள் உட்காரவில்லை. பெரட்டில் எங்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பிரித்துக் கொடுத்த வேலை நியாயமில்லை என்றால், பெயருக்குப் பதில் சொல்லிவிட்டு அங்கேயே நிற்போம். தீர்த்து வைக்கும்வரை ஒருத்தியும் மலை ஏறமாட்டாள்.

“சிரிங்க. இதையும் பெரட்டுன்னே வச்சுக்குவோம். ஆள் இருக்கேன். பாலத்த திட்டத்துல எழுதி வாசிக்கிற வரைக்கும் மலை ஏறமாட்டேன்.”

சிரிப்பு நின்றது.

“ஓட்டச் சொல்லுங்க அக்கா” என்றார் தவிசாளர்.

அவள் நின்றாள்.

“நேரம் போகுது அக்கா.”

நின்றாள். முழுசாக இருபது நிமிடம்! தவிசாளர் எதிரணியை ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார், கடைசியில் பேனாவை எடுத்தார். ரொஷானி திருத்தத்தை வாசித்தார்: எங்கள் ஓடை, எங்கள் பாலம், மே மாதத்துக்குள்.

“ஆதரவுங்க!” என்றாள்.

நான் வாங்கில் ஏறி நின்று கத்தினேன். காவலாளி வெளியே அனுப்பினார். வெளியிலும் கத்தினேன்.

மே கடைசியில் பாலம் வந்தது. ஜூன் மாத அடைமழையில் ஆம்புலன்ஸ் லயத்து வாசலிலேயே வந்து நின்று, சுதர்ஷினியையும் விஜயலெட்சுமியையும் ஏற்றிக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போனது.

மறுநாள் பெரட்டில் கணக்கப்பிள்ளை “விஜயலெட்சுமி!” என்று கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார்.

நாங்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினோம்: “பேத்தி பொறந்திருக்குங்க!”