டயருக்கு வெச்ச கல்லு

...நம்ம மாப்பிள்ள அப்பிடிக் கூப்புடுவாருன்னு நான் கனவுலயும் நெனக்கல மதினி! இரு, அந்தக் கல்லு மேல உக்காராத, பலகையில உக்காரு. எல்லாமே அந்தக் கல்லாலதான்.

பழைய காரு ஒண்ணு வாங்கி வாடகைக்கு ஹயர் ஓட்டுறாருல்ல. என் முன்னால உக்காரக்கூட மாட்டாரு மனுசன். "சாப்பிட்டீங்களா மாமி", அவ்வளவுதான் பேச்சு. அதையும் செவத்தப் பாத்துத்தான் கேப்பாரு. போன மாசம் கிளச்சு பெடல மிதிச்சா மெத்தை மாதிரி அமுங்குது, கியர் விழல. எண்ணெய்க்குள்ள காத்து பூந்துருச்சாம். விடிஞ்சா பதுளைக்கு ஒரு கல்யாண ஹயர். மக மலைக்குத் தேயிலக் கொழுந்தெடுக்கப் போயிட்டா. பெடல் மிதிக்க வேற யாரு, நான்தான்.

நம்ம லயத்து வீடுகளுக்கு மேல எறக்கத்துல நிக்குது காரு. ஹேண்ட்பிரேக்கு புடிக்காது. எஞ்சின அணைச்சுக் கியர்ல போட்டு, டயருக்கு ஒரு கல்ல வெச்சிட்டு, நான் வர்றதுக்குள்ள அடியில பூந்து படுத்துட்டாரு. நான் வந்து பாக்குறேன், பாதையில கல்லு! லொறிக்காரன் இப்பிடி முட்டுக் குடுத்து விட்டுட்டுப் போன கல்லுல மோதித்தானே, பனி மூட்டத்துல என் தம்பி பைக்கோட விழுந்து பல்லு ரெண்டு போச்சு? அன்னையிலருந்து ரோட்டுல கல்லப் பாத்தா என் காலு சும்மா இருக்காது. எதுக்கு வெச்சதுன்னு யோசிக்கவே இல்ல, ஒரே தள்ளு, பாதையோரத் தண்ணிக் கானுக்குள்ள போச்சு. காரு அசையல. செருப்பக் கழட்டிட்டு ஏறி உக்காந்தேன், தொர கணக்கா!

"மிதிங்க மாமி... புடிச்சிக்கிங்க மாமி... விடுங்க மாமி." கீழ டியூப் வழியா காத்து போத்தலுக்குள்ள குமிழி குமிழியா போகுதாம். அவரு என்கிட்ட இத்தன வார்த்த பேசுனதே இல்ல. மிதிக்க மிதிக்க பெடல் கெட்டியாகுது. கடைசியா ஒரு மிதி, கிளச்சு சரியாயிருச்சு! சரியானதுதான் வம்பு. புடிச்சிக்கிட்டு இருந்த கியர் சக்கரத்த விட்டுருச்சு. காரு நகருது மதினி!

"அடி கெழவி, கால எடுடி!"

தூக்கிவாரிப் போட்டுருச்சு. காரு உருண்டதுக்கில்ல, அந்த "டி"க்கு! ரெண்டு காலையும் சீட்டு மேல இழுத்துக்கிட்டேன். ஒரு குலுக்கு, காரு நின்னுருச்சு. ஊர்ந்து வந்தாரு வெளிய. சட்டைக் கை டயர்ல மாட்டிக் கிழிஞ்சு தொங்குது. தோளுக்கும் டயருக்கும் ஒரு சாண்கூட இல்ல.

"கல்லு எங்க மாமி?"

கானக் காட்டுனேன். என் மக தாலிய நானே காலால தள்ளி விட்டுருக்கேனே!

"கெழவின்னு சொன்னதுக்கு மாமிய மன்னிக்கச் சொல்லு"ன்னு மகக்கிட்ட சொல்லி விட்டாராம். மன்னிக்கிறதா! நான்ல அவருக்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்! இப்ப மறுபடியும் செவத்தப் பாத்துத்தான் பேச்சு. ஆனா பேச ஆளு இருக்காரே, அது போதும்.

ஹார்ன் கேக்குதா? அவருதான். நகரு நகரு, கானுலருந்து எடுத்து வெச்ச இந்தக் கல்ல நான் கொண்டு போய் டயருக்கு வெக்கணும்.